குப்பை பிரிக்கிற ஷெட் போடுகிறவருக்கு: கிளவுஸ் வாங்குவது கடைசி வேலை

செங்குன்றம் பக்கம் உலர்கழிவு பிரிக்கிற ஷெட் போடப் போகிறேன், 14 பேர் வேலைக்கு வருவார்கள், அதில் பாதிக்கு மேல் பெண்கள், குப்பையை அழுத்திக் கட்டுகளாக (பேல்) ஆக்குகிற செகண்ட்ஹேண்ட் பேலிங் மெஷின் ஒன்றும், குப்பையை நகர்த்திக் கொண்டுபோகிற பெல்ட் உள்ள சின்ன கன்வேயர் ஒன்றும் பேசி முடித்தாயிற்று, கிளவுஸ் மாஸ்க் முதலுதவிப் பெட்டிக்கு 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன், இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் போதும். ஆனால் அதை கிளவுஸிலிருந்து செலவு செய்ய ஆரம்பித்தால் போதாது. இந்தத் தொழிலில் தொழிற்சாலைப் பாதுகாப்பு வேலை பார்த்துப் பல வருஷம் ஆகிறது. நான் பார்த்த பெரிய விபத்துகளில் ஒன்றையாவது கிளவுஸ் தடுத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

மற்ற தொழிலில் என்ன சரக்கு உள்ளே வருகிறது என்று முதலாளிக்குத் தெரியும். பில் இருக்கும், லேபிள் இருக்கும். உங்களுக்கு வருவது மூட்டை. அதற்குள் பெட் பாட்டிலும் இருக்கும், உடைந்த டியூப் லைட்டும் இருக்கும், வீட்டில் சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டவர் பாட்டிலுக்குள் போட்டு மூடிய ஊசியும் இருக்கும், பாதி தீர்ந்த கொசு ஸ்ப்ரே டின்னும் இருக்கும். அதனால் உங்கள் பாதுகாப்பு தொடங்குகிற இடம் கேட். கன்வேயருக்கு முன்னால் மூட்டையைக் கொட்டிப் பரப்பிப் பார்க்க ஒரு தளம் கட்டாயம் விடுங்கள், பத்துக்குப் பத்து இருந்தாலும் போதும். அதில் அனுபவமுள்ள ஒருவர் நீளக் கைப்பிடி கொண்ட கொக்கியால் மூட்டையைக் கிழித்துப் பரப்பி, ஆகாததை எடுத்துவிட்ட பிறகுதான் பெல்ட்டில் ஏற வேண்டும். நேரம் போகுமே என்று தோன்றும். போகட்டும்.

அந்தத் தளத்தில் நின்றிருக்கும்போது பாருங்கள், ஒரு விஷயம் கண்ணில் படும். அம்மாக்களுக்கு நல்ல தடிமனான கிளவுஸ் கொடுத்திருப்பீர்கள், மூன்றாம் நாளே கட்டை விரல், ஆள்காட்டி விரல் நுனியைக் கத்தரித்துவிட்டுப் போட்டிருப்பார்கள். சூப்பர்வைசர் திட்டுவார். திட்டி என்ன பயன், கேரி பேக் முடிச்சை அந்தத் தடிமனில் அவிழ்க்க வராது. எடை போட்டுத்தான் கூலி என்றால் விரல் நுனி வேகமாக வேலை செய்தாக வேண்டும். முடிச்சை அவிழ்க்கிற தேவையே இல்லாமல், அரிவாள்மனை மாதிரி மேஜை ஓரத்தில் ஒரு கொக்கிப் பிளேடை, கை உள்ளே போகாதபடி இரும்புத் தகட்டால் மூடி, வெல்டிங் செய்து வையுங்கள். பையை அதில் ஒரு இழு இழுத்தால் கிழிந்துவிடும். லேத் பட்டறையில் சில நூறு ரூபாய்க்கு முடிகிற வேலை. அதற்கப்புறம் யாரும் கிளவுஸைக் கத்தரிப்பதில்லை. அளவும் பார்த்து வாங்குங்கள். கடையில் மொத்தமாகத் தருவது பெரும்பாலும் 9, 10 நம்பர், பெண்களின் கைக்கு 7 வேண்டும். பின்னல் பருத்தி கிளவுஸ் ஈரம் பட்டதும் துணிதான், நைட்ரைல் என்கிற ரப்பர் பூச்சு உள்ளதை வாங்குங்கள். அதுவும் கண்ணாடிக் கீறலுக்குத்தான் தாங்கும். ஊசி எந்தச் சாதாரண கிளவுஸையும் துளைத்துவிடும்.

ஊசி பற்றி வந்துவிட்டதால் அதை முடித்துவிடுகிறேன். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றுகிற வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை, ஹெபடைடிஸ் சி என்றால் 2 சதவீதத்துக்கும் குறைவு, எச்ஐவி என்றால் 0.3 சதவீதம். ஜனங்கள் பயப்படுவது கடைசியில் சொன்னதற்கு, பயப்பட வேண்டியது முதலில் சொன்னதற்கு. பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும், அதற்குத் தடுப்பூசியும் இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. உங்கள் 40,000-ல் முதல் செலவு 14 பேருக்கும் இந்த மூன்று டோஸாக இருக்கட்டும், கூடவே டெட்டனஸும். ஆறாவது மாத ஊசியை எல்லோரும் மறப்பார்கள், பெயர் எழுதி சுவரில் ஒட்டுங்கள். ஊசி குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், 28 நாள் சாப்பிட வேண்டும். "சாயந்திரம் ஷிஃப்ட் முடிந்து போய்க்கலாம்" என்று சொல்கிற மேஸ்திரி வேண்டாம்.

சரி, மெஷினுக்கு வருவோம். செகண்ட்ஹேண்ட் பேலிங் மெஷின் என்று எழுதியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு யூனிட்டில் விபத்து நடந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெட் பாட்டில் ஹாப்பரில், அதாவது குப்பையைக் கொட்டுகிற வாயில், சிக்கிக்கொண்டது. ஆபரேட்டர் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்தி நிறுத்தினார், உதவிக்கு இருந்த பையன் மேலே ஏறிக் காலால் மிதித்துத் தள்ளினான். ஆபரேட்டர் ஒரு கம்பி எடுக்கப் பின்பக்கம் போனார். அந்த நேரம் டீ குடித்துவிட்டு வந்த இன்னொருவர், மெஷின் நின்று கிடப்பதைப் பார்த்து, யாரோ தெரியாமல் அழுத்திவிட்டார்கள் போல என்று பட்டனைத் திருப்பி விடுவித்து ஓட விட்டார். அந்தப் பையனுக்குப் பாதம் போயிற்று. மூன்று பேரில் யாரும் கெட்டவரோ குடித்தவரோ கிடையாது. நான் போனபோது அந்த ஷெட்டில் கிளவுஸ் டப்பா டப்பாவாக இருந்தது.

எமர்ஜென்சி பட்டன் நிறுத்தத்தான், பூட்டி வைக்க அல்ல. யாராவது கையோ காலோ உள்ளே விடுகிறார்கள் என்றால் மெஷினுக்கு வருகிற கரண்டை முழுதாகத் துண்டிக்கிற மெயின் ஸ்விட்சை (ஐசோலேட்டர்) இறக்கி, அதில் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே போகிறவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு. ஒரு பூட்டுக்கு ஒரே சாவிதான், டூப்ளிகேட் ஆபீஸ் டிராயரில் இருக்கக் கூடாது. பூட்டுப் போடுகிற வசதி உங்கள் ஐசோலேட்டரில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றுங்கள். கரண்டை அணைத்தாலும் மெஷினை அழுத்த வைக்கிற ஹைட்ராலிக் எண்ணெய் லைனில் அழுத்தம் நிற்கும், அதை இறக்கிவிட்ட பிறகுதான் கை. அப்புறம், மெஷினை எடுத்து வருவதற்கு முன் விற்கிறவர் முன்னாலேயே ஒரு சோதனை: ஓடிக்கொண்டிருக்கும்போது கதவைத் திறக்கச் சொல்லுங்கள், நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற லிமிட் ஸ்விட்சை யாரோ ஒரு துண்டு வயர் கொடுத்து பைபாஸ் செய்திருக்கிறார்கள், பழைய மெஷின்களில் இது சர்வ சாதாரணம். "அது அடிக்கடி ட்ரிப் ஆகும் சார், அதான் எடுத்துட்டோம்" என்பார்கள். விலையில் குறைத்துக் கேட்காதீர்கள், சரி செய்து தரச் சொல்லுங்கள்.

உங்கள் ஷெட் சட்டப்படி தொழிற்சாலையா இல்லையா, புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் எங்கே வருகிறது என்பதை ஆடிட்டரிடமே கேளுங்கள். சுழலுகிற பாகத்துக்கு வேலி போட வேண்டும், ஓடுகிற மெஷினில் பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளிலேயே எழுதியாயிற்று. எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு எந்த பெல்ட்டும் இழுப்பதில்லை.

கன்வேயரில் வால்பக்க டிரம்மும் பெல்ட்டும் சேருகிற இடம், அடியில் திரும்பி வருகிற ரோலர், இந்த இரண்டிலும்தான் முந்தானையும் பின்னலும் கிளவுஸும் போய் மாட்டும். ஆம், கிளவுஸும்தான். சுழல்கிற இடத்துக்குப் பக்கத்தில் தளர்ந்த கிளவுஸ் வெறும் கையைவிட ஆபத்து, விரலோடு சேர்த்து இழுக்கும். அங்கெல்லாம் வலைத் தகடு அடித்து மூடுங்கள், ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடியாதபடி. பெல்ட்டின் இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு இழுத்தால் நிற்கிற கயிறு வேண்டும். புடவைக்கு மேல் முழங்கால் வரை பட்டன் போட்ட கோட், பின்னலைத் தூக்கிக் கொண்டை, கண்ணாடி வளையல் வேண்டாம். புடவையே கட்டக் கூடாது என்று சொல்லிவிடாதீர்கள், ஐம்பது வயது அம்மா வேலையை விட்டுப் போய்விடுவார், நல்ல கை போய்விடும்.

பெல்ட் உயரத்தை உங்கள் ஆட்களில் குள்ளமானவரை நிற்க வைத்து அளந்து தீர்மானியுங்கள் என்பதைவிட, நடு உயரத்துக்கு வைத்துவிட்டு, குள்ளமானவர்களுக்கு மரப் பலகை மேடை போடுவது எளிது. எப்படியானாலும் தரையில் குத்துக்காலிட்டுப் பிரிக்கிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். முழங்காலும் இடுப்பும் போவது மெதுவாக நடக்கும், அதை யாரும் விபத்து என்று எழுதுவதில்லை. தரையில் உட்கார்ந்திருக்கிறவரை ரிவர்ஸ் எடுக்கிற குட்டியானை டிரைவர் கண்ணாடியில் பார்க்க முடியாது என்பதும் இன்னொரு காரணம். பிரிட்டனில் இந்தத் தொழிலில் நடக்கிற மரணங்களுக்கு முதல் காரணமே ஓடுகிற வண்டி இடிப்பதுதான். நம் ஷெட்களில் இடம் இன்னும் குறுகல். வண்டி வந்து கொட்டுகிற பகுதிக்கு மஞ்சள் கோடு போட்டு, வண்டி அசைகிற நேரத்தில் கோட்டுக்குள் ஒருவரும் இல்லை என்று வையுங்கள். "வரலாம் வரலாம்" சொல்கிற ஆள் வண்டிக்குப் பின்னால் நிற்கக் கூடாது, டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரிகிறபடி பக்கவாட்டில் நிற்க வேண்டும். அவர் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் டிரைவர் பிரேக்கில் கால் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

பேல்களை எங்கே அடுக்குவது என்று நீங்கள் கேட்கவே இல்லை. பலரும் காம்பவுண்ட் சுவரோடு சாய்த்து அடுக்குவார்கள், இடம் மிச்சம் என்று. 2016 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு உலோக மறுசுழற்சி யார்டில் தடுப்புச் சுவர் ஒன்று சரிந்து, இந்தப் பக்கம் துப்புரவு செய்துகொண்டிருந்த ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தப் பக்கம் அந்தச் சுவரை ஒட்டி 260 டன்னுக்கு மேல் உலோகக் கட்டிகள் குவித்திருந்தது. உங்களிடம் அத்தனை டன் வராது. ஆனால் உங்கள் சுவரும் ஹாலோ பிளாக்தானே, அது மறைப்புக்குக் கட்டியது, பாரம் தாங்க இல்லை. பேலை செங்கல் அடுக்குகிற மாதிரி மாற்றி மாற்றி, அதிகபட்சம் மூன்று வரிசை, சுவரிலிருந்து ஒரு ஆள் நடக்கிற இடைவெளி விட்டு அடுக்குங்கள். கட்டுக் கம்பி தளர்ந்த பேல் அடிவரிசைக்குப் போகக் கூடாது. அந்த இடைவெளி தீயணைக்கவும் பயன்படும்.

தீ. பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் பீடித் துண்டைப் பற்றிப் பேசியிருப்பேன். இப்போது லித்தியம் பேட்டரி. பவர் பேங்க், காதில் மாட்டுகிற பட்ஸ், ட்ரிம்மர், விளக்கு எரிகிற பிள்ளைகள் செருப்பு வரைக்கும் பேட்டரி வைத்துத்தான் வருகிறது. பேலரில் நசுங்கினால் உள்ளே நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் தொட்டுக்கொண்டு சூடேறும், ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைக் கிளப்பும். நசுங்கிய உடனே பற்றினால் அதிர்ஷ்டம், பக்கத்தில் ஆள் இருப்பார்கள். சில நேரம் மணிக்கணக்கில் புகைந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி பத்து மணிக்குப் பற்றும். அதனால் ஒரு ஏற்பாடு: ஷெட்டை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பேலிங்கை நிறுத்திவிடுங்கள், அந்த ஒரு மணி நேரம் கூட்டுவது, எடை போடுவது. மூடும்போது ஒருவர் ஒவ்வொரு குவியலையும் சுற்றி வந்து, வாசனை பார்த்து, புதுப் பேல் மேல் புறங்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும். கண்டெடுத்த பேட்டரியைப் போட ஷெட்டுக்கு வெளியே நிழலில், காய்ந்த மணல் பாதி நிரப்பிய இரும்பு டிரம். முனைகளில் டேப் ஒட்டிப் போட வேண்டும், டிரம்மை இறுக்கி மூடக் கூடாது. வீங்கிய பேட்டரியைத் தனியாக.

பிளாஸ்டிக் குவியலில் தீ எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு 2022 ஏப்ரலில் பெருங்குடி, 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் இரண்டையும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பிரம்மபுரத்தில் பத்து நாளுக்கு மேல் போயிற்று. உங்கள் ஷெட்டில் அவ்வளவு சரக்கு இல்லை, ஆனால் தகரக் கூரைக்குள் அந்தப் புகையில் ஓரிரண்டு நிமிஷம்தான் அவகாசம். எதிரெதிராக இரண்டு வழி, இரண்டிலும் பேல் நிற்கக் கூடாது, பின் கேட்டைத் திருட்டுக்குப் பயந்து பகலில் பூட்டக் கூடாது. திருட்டுக்குப் பயந்து பூட்டிய பின் கேட் இல்லாத ஷெட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

கேட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டியவற்றை ஆட்களுக்குக் கையில் காட்டிச் சொல்லிக் கொடுங்கள். கேஸ் சிலிண்டர், சின்னதும்தான். மூடிய பெயின்ட், தின்னர் டின். மஞ்சள், சிவப்பு நிறப் பையில் கட்டிய மருத்துவமனைக் கழிவு, அது உங்கள் ஷெட்டுக்கு வரவே கூடாதது, கொண்டுவந்த வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள். பழைய இரும்பும் எடுப்பதாக இருந்தால், அளவுக்கு மீறிக் கனக்கிற உருளை எதையும் உடைத்துப் பார்க்க வேண்டாம். 2010-ல் டெல்லி மாயாபுரி ஸ்கிராப் சந்தையில் அப்படி ஒன்றைப் பிரித்தார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய ஆய்வுக் கருவி, உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், கதிரியக்கம் தாக்கிப் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஈயம் நிறைய இருக்கிறதே, நல்ல காசு என்று தோன்றுகிற பொருள்தான் அது.

மாஸ்க்குக்கு வருகிறேன். துணி மாஸ்க், மூன்று லேயர் சர்ஜிகல் மாஸ்க் இதெல்லாம் இந்தத் தூசிக்கு ஆகாது. அதில் மண் மட்டும் இல்லை, பூஞ்சை வித்தும் இருக்கிறது, இளைப்பு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மூட்டை கொட்டுகிற இடத்தில் நிற்கிற இரண்டு மூன்று பேருக்கு என்95, மற்றவர்களுக்குத் தூசியே வராமல் செய்வது. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே எட்டு மணி நேரம் என்95 போட்டிரு என்று சொன்னால் யாரும் போட மாட்டார்கள், நானும் போட மாட்டேன். காய்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். பெரிய ஃபேனை எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள், முக்கால்வாசி இடங்களில் குவியலுக்குப் பின்னால் வைத்துத் தூசியை முகத்தில் அடிக்க விடுகிறார்கள். ஆளின் முதுகுப் பக்கமிருந்து பெல்ட் பக்கம் காற்று போக வேண்டும்.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று, கக்கூஸ். பெண்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட, தண்ணீர் வருகிற, வெளிச்சமுள்ள கக்கூஸ் இல்லையென்றால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார்கள். குடிக்காமலிருந்தால் வெயிலில் மயக்கம், நீர்க்கடுப்பு, நாள்பட்டால் சிறுநீரகத் தொற்று. நீங்கள் மூன்று கேன் தண்ணீரும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் வாங்கி வைத்திருப்பீர்கள், அது அப்படியே இருக்கும், இவர்களுக்குத் தண்ணீர் குடிக்கிற பழக்கமே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். கக்கூஸுக்குப் பக்கத்திலேயே சோப்போடு கை கழுவுகிற இடம், சாப்பிட ஒரு மூலை குவியலிலிருந்து தள்ளி, துணி மாற்ற ஒரு அறை. வேலைக் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் பிள்ளைகள் துணியோடு ஊறப் போடக் கூடாது, ஷெட்டிலேயே துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். வெற்றிலை பாக்கும் ஹான்ஸும் போடுகிறவர்கள் இருப்பார்கள், அந்தக் கையை வாய்க்குக் கொண்டுபோகிற பழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது, கை கழுவுகிற இடத்தைப் பக்கத்தில் வைக்க முடியும்.

ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் நின்றால் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்ன வெட்டு, அது போதும். தரையை அரை அடியாவது உயர்த்திக் கட்டுங்கள், கம்பூட் கொடுங்கள். மழைக்காலத்தில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் "குப்பை ஷெட்டில் வேலை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஏதோ கம்பெனியில் வேலை என்று சொல்லிவிடுகிறார்கள், டாக்டரும் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை எழுதிவிடுகிறார்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். 10 பேரோ அதற்கு மேலோ வைத்து நடத்துகிற இடத்துக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) பொருந்தும், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரும் அதில் வருவார்கள், உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. வேலையில் அடிபட்டு வீட்டில் கிடந்தால் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும், அதற்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்கிற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. ஆட்களை மேஸ்திரி மூலம் தினக்கூலிக்கு எடுக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அப்படி எடுத்தாலும் அவர் கையில் விட்டுவிடாமல் 14 பேர் பெயரையும் நீங்களே பதிவு செய்யுங்கள், ஆதாரில் இருக்கிற எழுத்துப்படியே. நான் சொன்ன அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள் ஆகியிருந்தது, மாதம் முடியட்டும், ஆள் நிற்கிறானா பார்த்துவிட்டுப் பதிவு செய்யலாம் என்று வைத்திருந்தார்கள்.